பந்தய எஞ்சினுக்கு எந்தக் கணிப்பொறி?

காஞ்சிபுரத்திலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டை வருகிறது. அங்கே 1990-இல் கார்ப் பந்தய ஓடுகளம் ஒன்று திறக்கப்பட்டது. கோயமுத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினைப் பொருத்தி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியவர். நரேன் கார்த்திகேயன் முதன்முதலில் பந்தயம் ஓட்டியது இந்தக் களத்தில், ஃபார்முலா மாருதி காரில்தான். 2005-இல் அவர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். தொடக்கம் என்னவோ மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர், 40 குதிரைத்திறனைக்கூட எட்டாத ஒரு குடும்பக் கார் எஞ்சின்!

அந்நாளைய மாருதி எஞ்சினில் கணிப்பொறி கிடையாது. பெட்ரோலைக் காற்றுடன் கலக்கக் கார்புரேட்டர், தீப்பொறியைப் பங்கிட டிஸ்டிரிபியூட்டர், அவ்வளவே. 1998-இல் அதே இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தபோது அதில் கார்புரேட்டர் இல்லை. மின்னணுக் கருவி ஒன்று ஆணையிட, இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளித்தன. புகை விதிகள் இறுகியதும் மாருதி 800-உம் அந்த வழிக்கு வந்து சேர்ந்தது.

இப்போது பொறியியல் கல்லூரிகளில் பந்தயக் கார் கட்டும் மாணவர் குழுக்கள் பல உள்ளன. எஞ்சினைத் திருத்தி வலிமை கூட்டியவுடன் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "சார், எந்த ஈ.சி.யு. வாங்கலாம்?" என்பதே. கேள்வியின் வரிசை தவறு என்பது என் கருத்து. "எதைக் கொண்டு அளக்கப் போகிறோம்?" என்பதுதான் முதலில் வரவேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

796-ஐ மூன்றால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 265 கன சென்டிமீட்டர். அது முழுவதும் காற்று நிரம்பினால், 20 டிகிரி வெப்பத்தில் அந்தக் காற்றின் நிறை சுமார் 318 மில்லிகிராம். பெட்ரோல் மிச்சமின்றி எரிய 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் போதும். ஆனால் முழு வலிமை வேண்டுமானால் 13-க்கு 1 என்ற அளவில் சற்றுச் செறிந்த கலவை தேவை. ஆகவே ஒரு வெடிப்புக்கு வேண்டிய பெட்ரோல் 24 மில்லிகிராமுக்குச் சற்று மேல். மருந்துச் சொட்டில் ஒரு சொட்டைவிடக் குறைவு! தண்டு நிமிடத்திற்கு 6000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் இதை விநாடிக்கு 50 முறை அளந்து கொடுக்க வேண்டும். தீப்பொறியின் கதையோ இன்னும் நுட்பமானது. அந்த வேகத்தில் தண்டு ஒரு டிகிரி திரும்ப ஒரு விநாடியில் 36,000-இல் ஒரு பங்குதான் ஆகிறது.

இந்த வேலையை ஈ.சி.யு. எப்படிச் செய்கிறது? நம் ஊர்ப் பட்டுத் தறியின் மேலே ஜக்கார்டுப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து எந்தப் பாவு இழை உயர வேண்டும் என்று சொல்கின்றன. ஈ.சி.யு.வுக்குள்ளும் அப்படி ஓர் அட்டவணை உண்டு. கிடையாக எஞ்சின் வேகம், நெடுக எஞ்சினின் சுமை. 16-க்கு 16 என்றால் 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று ஓர் எண். தீப்பொறிக்கு இதேபோல் தனி அட்டவணை. (அட்டைகள் வரிசையாக வரும், இங்கே கட்டம் தாவித் தாவி மாறும். ஒப்புமை அதுவரைதான்.) தவறான இடத்தில் துளையிட்ட அட்டையைக் கொடுத்தால் தறி மறுக்காது, அப்படியே நெய்துவிடும். ஈ.சி.யு.வும் அப்படித்தான். தொழிற்சாலை எழுதிய எண்கள் தொழிற்சாலை எஞ்சினுக்கு உரியவை. கேமை மாற்றி, அமுக்க விகிதத்தைக் கூட்டிய எஞ்சினுக்கு அவை பொருந்தா. யாராவது 256 கட்டங்களையும் மீண்டும் எழுத வேண்டும்.

எதைப் பார்த்து எழுதுவது? இங்கேதான் ஆக்சிஜன் உணர்கருவி வருகிறது. சாதாரணக் கார்களில் பெரும்பாலும் இருப்பது கலவை 14.7-க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும். 13 என்றோ 12.5 என்றோ எண்ணாகச் சொல்ல 'வைடுபேண்ட்' வகைக் கருவி தேவை. அது இல்லாமல் விலையுயர்ந்த ஈ.சி.யு. வாங்குவது, தராசு இல்லாமல் நகைக்கடை வைப்பதைப் போன்றது. வெப்பமானியும் வேண்டும். சித்திரை நண்பகலில், 40 டிகிரியில், அதே சிலிண்டருக்குள் சுமார் 299 மில்லிகிராம் காற்றுதான் நுழையும். அந்த வெயிலில் 13-க்குச் சரிசெய்த எண்ணை, வெப்பத் திருத்தம் இல்லாமல், 20 டிகிரி இருக்கும் மார்கழிக் காலையில் ஓட்டினால் கலவை 13.8 ஆக மெலிந்துவிடும்.

மெலிந்தால் என்ன என்று கேட்கலாம். தூய அலுமினியமே 660 டிகிரியில் உருகும்; பிஸ்டன் செய்த அலுமினியக் கலவை அதற்கும் முன்பே உருகிவிடும். அதன் தலைமேல் எரியும் வாயுவோ 2000 டிகிரிக்கு மேல். பிஸ்டன் பிழைத்திருப்பதற்குக் காரணம், வெப்பம் வளையங்களின் வழியே சிலிண்டர் சுவருக்கு ஓடிவிடுவதும், பிஸ்டனை ஒட்டி மெல்லிய குளிர்ந்த வாயுப் படலம் இருப்பதுமே. அமுக்க விகிதம் உயர்ந்த எஞ்சினில் கலவை மெலிந்து, தீப்பொறியும் முந்தினால், எரியாமல் மூலையில் இருக்கும் வாயு தானாகவே வெடிக்கிறது. மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதுதான். அந்த அதிர்ச்சி அலை படலத்தைத் துடைத்தெறிந்துவிடும். பிறகு பிஸ்டனில் ஓட்டை விழ அதிக நேரம் ஆகாது. ஒரு குழுவின் ஆண்டு முழுதுமான உழைப்பு ஒரே சுற்றில் புகையாகிவிடும்.

இனி ஈ.சி.யு.வைத் தேர்ந்தெடுப்போம். முக்கியமான கேள்வி, அது சுமையை எப்படி அறிகிறது என்பது. உறிஞ்சு குழாயின் காற்றழுத்தத்தை அளப்பது ஒரு முறை. டர்போ பொருத்திய எஞ்சினுக்கும் இது ஏற்றது. ஆனால் பந்தயக் கேம் உள்ள, சிலிண்டருக்கு ஒரு திராட்டில் வைத்த எஞ்சினில் அந்த அழுத்தம் நிலையின்றித் துடிக்கும்; அங்கே திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கொண்டு கணக்கிடுவதே மேல். இரண்டும் தெரிந்த கருவியாக, எண்களை நாமே மாற்ற இடம் தருவதாக இருந்தால் போதும். மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போன்றவற்றை மாணவர்களே பற்றவைத்துக் கட்டிக்கொள்ளலாம். உள்ளே நடப்பது என்ன என்பதும் தெரியவரும். எனக்கு அவற்றின்மேல் ஒரு சாய்வு உண்டு.

முதன்முறை முயல்பவர்கள் கார்புரேட்டரை அப்படியே விட்டு, தீப்பொறியை மட்டும் முதலில் கணிப்பொறியிடம் கொடுக்கலாம் என்பேன். ஜெட்டை மாற்றி மாற்றிப் பழகிய கைக்கு, அட்டவணையில் உள்ள எண் வெறும் எண்ணாகத் தோன்றாது.

இவையெல்லாம் ஓடுகளத்துக்கு. காஞ்சியின் ராஜ வீதிகளில் ஓடும் காருக்கு என் பதில் வேறு: தொழிற்சாலை கொடுத்த கருவியைத் தொடாதீர்கள். அங்கே புகைக்குழாயில் உள்ள வினையூக்கி, கலவை 14.7-ஐ ஒட்டியிருந்தால்தான் நச்சுப் புகையை முறிக்கும். 13-இல் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு தப்பித்து வெளியேறும். அதைச் சுவாசிப்பவர்கள் வீதியில் நடப்பவர்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இத்தகைய மாற்றங்களைத் தடுக்கிறது.

கணக்கில் விருப்பமுள்ளவர்களுக்கு ஒன்று: ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 77 விழுக்காடு. 20 டிகிரியில், திராட்டில் முழுதும் திறந்த நிலையில், அங்கே நம் சிலிண்டருக்கு எத்தனை மில்லிகிராம் பெட்ரோல் வேண்டும்? மேலே சொன்ன இரண்டு முறைகளில் எது இந்த மாற்றத்தைத் தானே அறிந்துகொள்ளும்?