திரும்பிவரும் உரிமை

சுந்தரபாண்டியத்தின் வயல்வரப்பில் நிற்கும் ஒருவர் போர்விமானத்தின் ஓசையைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தால், ஓசை வந்த இடத்தில் விமானம் இருப்பதில்லை. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் எழுந்த ஒலி நிலத்தை வந்தடைய ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். அதற்குள் விமானம் ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்து மேற்கே மலைத்தொடரை நெருங்கியிருக்கும். கண்ணுக்கு அகப்படுவது பெரும்பாலும் ஒரு வெண்கோடு மட்டுமே. சூலூர் விமானப்படைத் தளம் இவ்வூரிலிருந்து நேர்கோட்டில் 170 கிலோமீட்டர் தொலைவிலும் தஞ்சாவூர்த் தளம் 200 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன. ஒலியின் வேகத்தில் செல்லும் விமானத்திற்கு இவை பத்து நிமிடப் பயணம்.

அந்த வெண்கோட்டைக் கண்டு, ‘பறவையைப் போலக் கட்டற்றவர்கள்’ என விமானிகளை எண்ணிக்கொள்வது இயல்பு. திரைப்படங்களும் அவ்வெண்ணத்தையே வளர்க்கின்றன. உண்மை வேறு. உழைப்போருள் மிகக் கடுமையான கட்டுகளுக்கு உட்பட்டவர்களை வரிசைப்படுத்தினால், போர்விமானி முதல் சிலருள் ஒருவராக நிற்பார். ஆயினும், அவரிடம் ஒரு விடுதலை இருக்கிறது. அது வானத்தில் விரும்பியபடி திரியும் விடுதலையன்று. ‘இன்று பறக்க மாட்டேன்’ என்றும், ‘இனி இவ்விமானத்தைக் காக்க இயலாது’ என்றும் தாமே முடிவு செய்யும் விடுதலை. சமூகம் கொண்டாட மறக்கும் விடுதலையும் அதுவே.

அளவெடுத்த உடல்

கட்டுகள் உடலிலிருந்தே தொடங்குகின்றன. விமானிப் பிரிவில் சேர விரும்புவோரின் உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர் இருத்தல் வேண்டும். அது மட்டும் போதாது. காலின் நீளம் 99 முதல் 120 சென்டிமீட்டருக்குள்ளும், தொடையின் நீளம் 64 சென்டிமீட்டருக்கு மிகாமலும், அமர்ந்த நிலையில் உயரம் 81.5 முதல் 96 சென்டிமீட்டருக்குள்ளும் அமைய வேண்டும். தையற்காரர்கூட இவ்வளவு நுட்பமாக அளவெடுப்பதில்லை. இதற்குக் காரணம் உண்டு. விபத்து நேரும்போது இருக்கை விமானியோடு சேர்ந்து மேலே பாய்ந்து வெளியேறும். தொடை சற்று நீண்டிருந்தால், முழங்கால் எதிரேயுள்ள கருவிப் பலகையில் மோதும்.

அடுத்தது விமானிக்குரிய இயல்புத்திறனை அளக்கும் தேர்வு. கண்ணும் கையும் காலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலைகளைச் செய்ய இயலுமா என்பதை இது சோதிக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இதனை எழுத முடியும். தவறினால் படையின் வேறு பிரிவுகளில் பணியாற்றலாம், விமானியாக முடியாது. மறுதேர்வுக்குப் பழகிய மாணவர் உலகிற்கு இது கொடுமையாகத் தோன்றலாம். பயிற்சியால் கற்பிக்கக்கூடியது எது, கூடாதது எது என்பதை விமானப்படை நெடிய பட்டறிவால் கண்டுகொண்டதன் விளைவு இவ்விதி.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வருவோர் புனே அருகிலுள்ள கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் மூன்றாண்டுகள் பயில்வர். பின்னர் ஐதராபாத் அருகே துண்டிகல்லில் உள்ள விமானப்படைக் கழகத்தில் பறக்கக் கற்பர். அங்கேதான் போர்விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் என வழிகள் பிரிகின்றன. போர்விமானத்திற்குத் தேர்வானவர் பீதரில் ஹாக் விமானத்தில் பயில்வார். இவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே ஒரு பள்ளி உண்டு. அது சென்னையை அடுத்த தாம்பரத்தில் உள்ளது. மின்தொடர்வண்டியில் நாள்தோறும் அவ்வழியே செல்வோருள் இதனை அறிந்தவர் சிலரே.

ஒரு மணி நேரப் பறப்பு

போர்விமானியின் ஒரு நாளில் வானில் கழியும் நேரம் மிகக் குறைவு. ஒரு பறப்பு ஏறக்குறைய ஒரு மணி நேரமே நீடிக்கும். அதற்கு முன் வானிலை விளக்கம், பணித்திட்டம், எரிபொருள் கணக்கு, எந்த உயரத்தில் யார் இருப்பது என்னும் ஒழுங்கு, இடையில் பழுது நேர்ந்தால் செய்யவேண்டியவை என அனைத்தும் பேசி முடிக்கப்படும். விமானத்தை ஒருமுறை சுற்றிவந்து தம் கண்ணாலும் கையாலும் பார்த்த பின்னரே விமானி பொறுப்பேற்றுக் கையெழுத்திடுவார்.

இறங்கிய பின் நடப்பதே இத்தொழிலின் உயிர்நிலை. பறந்த நேரத்தைவிட நீண்ட நேரம் அறைக்குள் அமர்ந்து, பதிவான காட்சிகளை ஓடவிட்டு, ஒவ்வொரு திருப்பத்தையும் ஆராய்வர். அவ்வேளையில் இளையவர் மூத்தவரின் பிழையைச் சுட்டலாம், சுட்டவும் வேண்டும். தம் பிழையைத் தாமே முதலில் சொல்பவர் மதிக்கப்படுவார். பிழையை மறைப்பவரோடு இறகோடு இறகாகப் பறக்க எவரும் துணியார். பதவியும் வயதும் கோலோச்சும் நம் அலுவலகங்கள், பள்ளிகள், குடும்பங்கள் எத்தனையில் இப்படியோர் அறை இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

வானில் உடல் படும் பாடு தனிக்கதை. விமானம் கூர்மையாகத் திரும்பும்போது விமானியின் எடை எட்டு, ஒன்பது மடங்காகப் பெருகுகிறது. அறுபது கிலோ எடையுள்ளவர் அந்நொடிகளில் ஐந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவராகிறார். குருதி தலையிலிருந்து கால்நோக்கி இறங்கும். முதலில் நிறங்கள் மங்கும். பின்னர்ப் பார்வை சுருங்கி இருளும். அதற்கு மேலும் நீடித்தால் நினைவு தப்பும். கால்களையும் வயிற்றையும் இறுக்கும் காற்றடைத்த உடையும், தசைகளை முறுக்கி மூச்சைப் பிடித்து விடும் பயிற்சியுமே இதற்குக் காப்பு. பெங்களூருவிலுள்ள வான்மருத்துவ நிறுவனத்தில், நீண்ட கையின் முனையில் விமானியை அமர்த்தி அதிவேகமாகச் சுழற்றும் எந்திரத்தில் இதற்கான பயிற்சி அளிக்கப்படுகிறது. முந்தைய இரவு உறக்கம் குறைந்தாலோ போதிய நீர் அருந்தாவிட்டாலோ இந்தத் தாங்குதிறன் குறைந்துவிடும்.

எனவேதான், ‘இன்று என் உடல்நிலை பறப்பதற்கு ஏற்றதாக இல்லை’ என்று சொல்வது விமானியின் சலுகையன்று, கடமை. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், இரவெல்லாம் கண்விழிப்பு, மனத்தை அரிக்கும் ஒரு கவலை ஆகியவற்றுள் எதுவும் காரணமாகலாம். விதிநூல் இதனை ஏற்கிறது. ஆனால், இருபத்தைந்து வயது இளைஞருக்கு அதனை வாய்திறந்து சொல்வது எளிதன்று. தோழர்கள் கோழை என எண்ணுவார்களோ என்னும் நாணம் தடுக்கும். அந்த நாணத்தைப் போக்குவது தலைவரின் வேலை. மறுத்தவரை நகையாடும் படைப்பிரிவு அடுத்த முறை உண்மையைக் கேட்கப்போவதில்லை.

கைப்பிடியை இழுக்கும் நொடி

மறுக்கும் உரிமையின் உச்சம், விமானத்தைக் கைவிடும் முடிவு. இருக்கையின் கைப்பிடியை இழுத்தால் மேற்கூரை பிரியும்; இருக்கைக்கு அடியிலுள்ள ராக்கெட் விமானியை வெளியே உந்தும்; வான்குடை விரியும். எல்லாம் ஒருசில நொடிகள். முதுகெலும்பு காயமுறலாம், ஆயினும் உயிர் பிழைக்கும். உலகெங்கும் இவ்வகை இருக்கைகளால் உயிர் தப்பியோர் பல்லாயிரவர். மார்ட்டின் பேக்கர் என்னும் ஒரே நிறுவனத்தின் இருக்கைகளால் மட்டும் பிழைத்தவர்கள் 7,000-க்கும் மேற்பட்டோர். ஆனால், கைப்பிடியை எப்போது இழுப்பது என்பதை எந்த விதிநூலும் விமானிக்காக அந்நொடியில் முடிவு செய்யாது.

தமிழ் இலக்கிய மரபில் வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு தடை உண்டு. வெண்ணிப் போர்க்களத்தில் கரிகாலனின் வேல் மார்பைத் துளைத்து முதுகு வழியே வெளிப்பட்டதனால், அதனைப் புறப்புண்ணாகக் கருதி நாணி வடக்கிருந்து உயிர்நீத்த சேரமான் பெருஞ்சேரலாதனைப் புறநானூறு போற்றுகிறது. பின்வாங்காமையே வீரம் என்னும் அந்த மதிப்பீடு இன்றும் நம் பேச்சில் வாழ்கிறது. விபத்தில் இறுதிவரை விமானத்தை விட்டகலாத விமானியைச் செய்தித்தாள்கள் தலைப்பில் வைக்கின்றன. உரிய நொடியில் வெளியேறியவர் ஒரு பத்திச் செய்தியாகிறார். 2024 மார்ச் 12 அன்று ஜெய்சல்மர் அருகே தேஜஸ் விமானம் முதன்முறையாக விபத்துக்குள்ளானபோது அதன் விமானி பாதுகாப்பாக வெளியேறினார். ‘விமானம் விழுந்தது’ என்பதே அன்றைய பேச்சு. ஒரு விமானியின் பல்லாண்டுப் பயிற்சி அந்த மணற்பரப்பில் உயிரோடு இறங்கியது என்று சொன்னவர் குறைவு.

இதற்கு மாறாக 2025 நவம்பர் 21 அன்று துபாய் வான்காட்சியில் தேஜஸ் விமானம் விழுந்தபோது விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். அவரது உடல் சூலூருக்குக் கொண்டுவரப்பட்டது. தாழ்ந்த உயரத்தில் நிகழும் காட்சிப் பறப்பில் முடிவெடுக்கக் கிடைக்கும் காலம் நொடியினும் சிறிது. கைப்பிடியை இழுக்கும் உரிமை இருந்தாலும், அதற்குரிய காலத்தை வானம் எப்போதும் தருவதில்லை.

வெளியேறுதலைப் பாராட்டினால் களத்தில் நின்றவர்களின் ஈகம் சிறுமைப்படாதா என்னும் வினா எழலாம். 18-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த நிர்மல் ஜித் சிங் செக்கோன் 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் இருந்தார். எதிரியின் ஆறு சேபர் விமானங்கள் ஓடுபாதையைத் தாக்கிக்கொண்டிருந்தபோதே தம் சிறிய நாட் விமானத்தில் மேலெழுந்து போரிட்டு வீழ்ந்தார். இந்திய விமானப்படையில் பரம் வீர் சக்கரம் பெற்றவர் இன்றளவும் அவர் ஒருவரே. அவர் ஆபத்தை அறியாமல் சென்றவரல்லர். தாக்குதலின் நடுவே எழுந்தால் திரும்புவது அரிது என்பதை அறிந்து, காக்கவேண்டிய தளம் ஒன்று இருந்ததனால் எழுந்தார். ஒரு தளத்தைக் காக்கத் தம்மை ஈந்ததும், பயிற்சிப் பறப்பில் இயந்திரம் நின்றுபோன உலோகக்கூட்டை விட்டு வெளியேறுவதும் ஒரே துலாக்கோலில் நிறுக்கத்தக்கன அல்ல. இரண்டிலும் விமானி செய்தது ஒன்றுதான்: எதன்பொருட்டு உயிரைக் கொடுக்கலாம் எனத் தாமே முடிவு செய்தார்.

2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21 விமானத்திலிருந்து வெளியேறி எல்லைக்கு அப்பால் இறங்கிய தமிழகத்தைச் சேர்ந்த அபிநந்தன் வர்த்தமான், மார்ச் 1 அன்று தாயகம் திரும்பினார். அவருக்கு வீர் சக்கரம் வழங்கப்பட்டது. மருத்துவர்களின் ஒப்புதலுக்குப் பிறகு அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் மிக்-21-இல் பறந்தார். வெளியேறியதனால்தான் அப்பறப்பு நிகழ்ந்தது.

கோப்புகளில் கழிந்த காலம்

விமானியின் முடிவு எவ்வளவு கூர்மையானதாயினும், அவருக்கு அளிக்கப்படும் விமானமும் பயிற்சியும் பிறர் கையில் உள்ளன. மிக்-21 விமானம் 1963-இல் சண்டிகரில் படையில் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்று அதே சண்டிகரில் விடைபெற்றது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் தரையிறங்கும் விமானம் அது. மெதுவான பயிற்சி விமானத்தில் பழகிய இளைஞர்கள் நேரே இதில் அமரவேண்டியிருந்தது. இடையில் ஓர் உயர்நிலைப் பயிற்சி விமானம் தேவை என்று லா ஃபோன்டெய்ன் குழு 1982-இல் பரிந்துரைத்தது. ஹாக் விமானத்திற்கான ஒப்பந்தம் 2004-இல் கையெழுத்தானது. 2008-இல் அது படையில் சேர்ந்தது. பரிந்துரைக்கும் விமானத்திற்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள். தேஜஸின் கதையும் விரைந்த கதையன்று: 2001 ஜனவரி 4 அன்று முதன்முறை பறந்தது, அதன் முதல் படைப்பிரிவு 2016-இல் உருவாயிற்று. விமானிக்குச் சூட்டும் மாலையைவிட, அவருக்கு உரிய காலத்தில் வழங்கும் விமானமே அவரைக் காக்கும். நாடாளுமன்றத்திலும் அமைச்சகத்திலும் தூங்கிய கோப்புக்கு எவரும் கணக்குக் கேட்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

ஓட்டுநர் இன்றிச் செல்லும் வானவூர்தியைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் கற்பனையில் கண்டார். இன்று ஆளில்லா விமானங்கள் போர்க்களத்தில் பெருகிவிட்டன. விமானியே தேவையில்லாத காலம் வரும் என்பாரும் உளர். வரலாம். ஆனால், தவறான இலக்கென ஐயுற்றுத் திரும்பிவிடும் மனம் எந்திரத்திற்கு இல்லை. போர்விமானியிடமிருந்து முதலில் பறிக்கப்படக்கூடாத பண்பும் அதுவே.

செக்கோனின் 18-ஆம் படைப்பிரிவு 2020 மே 27 அன்று சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் தொடங்கப்பட்டது. 2016 ஜூன் 18 அன்று நாட்டின் முதல் பெண் போர்விமானிகளாக அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவர் பொறுப்பேற்றனர். அவர்களுள் மோகனா சிங் 2024-இல் இப்படைப்பிரிவில் சேர்ந்து தேஜஸ் ஓட்டும் முதல் பெண்ணானார். தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பயின்ற முதல் பெண்கள் அணியினர் பதினேழு பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தனர். விமானப்படைப் பிரிவிற்கான நுழைவுத்தேர்வை எழுதப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். வத்திராயிருப்பிலும் சுந்தரபாண்டியத்திலும் பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தெரிவு செய்யும் மாணவர்கள் பலருக்கு இச்செய்தி பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகே, காலம் கடந்து கிடைக்கிறது.