மருந்து இலவசம், கூலி யார் கணக்கில்?

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் கர்ப்பிணிக்குச் சர்க்கரைப் பரிசோதனை இலவசம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அளவு 140 மில்லிகிராமைத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்வைத்த முறை இது. ஒன்றிய அரசின் வழிகாட்டுதலும் இதையே எடுத்துக்கொண்டது. கர்ப்பிணியைப் பட்டினியோடு பஸ் ஏறி வரச் சொன்னால் பலர் வரவே மாட்டார்கள் என்று தெரிந்த ஒருவர் யோசித்த முறை. இதைப் பாராட்ட எனக்குத் தயக்கமில்லை.

என் சண்டை அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

நோய் உறுதியானால் முதல் இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாடு. அதிலும் அடங்காவிட்டால்தான் மெட்பார்மின் அல்லது இன்சுலின். அதாவது இந்த நோய்க்கு முதல் மருந்து சாப்பாடு. மாத்திரையும் ஊசியும் அரசு மருந்தகத்தில் கிடைக்கும். முதல் மருந்து மட்டும் அங்கே கிடைக்காது. அரிசியைக் குறை, பருப்பும் முட்டையும் கீரையும் சுண்டலும் கூட்டு, ஒரே வேளையாக உண்ணாமல் பிரித்துப் பிரித்துச் சாப்பிடு என்கிறது உணவு அட்டை. ரேஷன் கடையில் அரிசி இலவசம். துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், அதுவும் மாதம் ஒரு கிலோதான். (இலவச அரிசியைக் கிண்டல் செய்கிறவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பசி என்னவென்று தெரிந்த திட்டம் அது.) ஆனால் அரசின் ஒரு கை அரிசி கொடுக்க, இன்னொரு கை அதைக் குறைக்கச் சொல்கிறது. இடையில் விழும் பள்ளத்தை அந்தப் பெண்ணின் கூலிதான் நிரப்ப வேண்டும்.

நான் பார்த்த உணவு அட்டைகளில் முட்டை உண்டு, மீன் உண்டு, சிலவற்றில் கோழி உண்டு. மாட்டிறைச்சி ஒன்றில்கூட இல்லை. மாவுச்சத்தே இல்லாத, புரதமும் இரும்பும் நிறைந்த, எங்கள் தெருவுக்குக் கட்டுப்படியாகிற கறி அதுதான். அதன் பெயரைச் சொல்ல ஒரு மருத்துவ அட்டைக்கே நா எழவில்லை என்றால், அந்த அட்டை யார் வீட்டு அடுப்படியை மனதில் வைத்து எழுதப்பட்டது? "வீட்டுல என்னதான் சமைக்கிறீங்க?" என்ற கேள்வியும் எல்லாப் பெண்களிடமும் ஒரே தொனியில் கேட்கப்படுவதில்லை, தோழர்களே.

என் அண்ணிக்கு இந்த நோய் வந்தபோது செலவை நோட்டில் எழுதினேன். அவர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். கடைசி மூன்று மாதத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெரிய மருத்துவமனைக்கு வரச் சொன்னார்கள். மருத்துவத்துக்கு ஒரு பைசா வாங்கவில்லை. டவுன் பஸ்ஸும் பெண்களுக்கு இலவசம். ஆனால் போன நாளெல்லாம் அவர் கூலி போயிற்று. கூட வந்த என் அம்மாவின் நூறு நாள் வேலைக் கூலியும் போயிற்று. ஆறு தடவைக்குப் பன்னிரண்டு கூலி. வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் கருவிக்கான பட்டைகளைத் தனியாக வாங்கினோம். காலை ஆறு மணிக்குத் துடைப்பம் பிடிப்பவர் பதினொரு மணிச் சுண்டலை எங்கே உட்கார்ந்து, எந்தத் தண்ணீரில் கை கழுவிச் சாப்பிடுவது? அதற்கு நோட்டில் இடமில்லை.

1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வெடுப்பது நாட்டின் நலன் என்றார். அந்தச் சுமையின் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டார். இன்று சட்டப்படி 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. நிறுவனத்தில் பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டும், பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். வயலில் நாற்று நடுபவருக்கும் செங்கல் சூளையில் மண் மிதிப்பவருக்கும் எந்தப் பதிவேடு?

முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் வருகிறது. அதில் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகம். நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு என்று ரத்தசோகையை மனதில் வைத்து உருவான பெட்டகம். ரத்தசோகையும் நம் பெண்களின் நோய்தான், மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை உள்ளவருக்கும் அதே பேரீச்சம்பழமா? அவருக்குப் பயறும் கடலையும் வைத்து ஒரு பெட்டகம் கட்ட என்ன தடை? வீடு தேடி ரத்த அழுத்த மாத்திரை கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம், கர்ப்பிணிக்குக் கருவியையும் பட்டைகளையும் கொண்டுபோகலாம். பரிசோதனை நாளுக்குக் கூலி தருவதும் மருத்துவச் செலவுதான் என்று அரசாணை போடலாம்.

பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரம் மறுபடியும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்கிறது வழிகாட்டுதல். இந்த நோய் வந்தவருக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால்தான். என் அண்ணி போகவில்லை. இன்னொரு கூலியை இழக்க அவரிடம் தெம்பில்லை. அதே ஆறாவது வாரத்தில்தான் குழந்தைக்கு முதல் தவணைத் தடுப்பூசி போடுகிறார்கள். அதற்கு மட்டும் தவறாமல் போனார். அன்றைக்கே தாயையும் உட்காரவைத்து ஒரு டம்ளர் குளுக்கோஸ் கொடுத்திருந்தால் போதும், தனியாக ஒரு நாள் தேவைப்பட்டிருக்காது.