லொறிச் சாரதி எங்கே உறங்குவது?

சாரதிக்கு ஏற்பட்ட நித்திரைக் கலக்கமே விபத்துக்குக் காரணம் என்ற வாக்கியம், இலங்கையில் தமிழ்ப் பத்திரிகை வாசிக்கும் எவருக்கும் மனனமானது. ஏ-9 வீதியிலோ புத்தளம் வீதியிலோ விடியற்புறத்தில் லொறியொன்று மரத்தில் மோதினாலும் சரி, வீதியோரம் நின்ற இன்னொரு லொறியின் பின்புறத்தில் மோதினாலும் சரி, மறுநாட் செய்தி அந்த வாக்கியத்துடன் முடிந்துவிடும். அந்தச் சாரதி உறங்குவதற்கு வழியில் எங்கே இடமிருந்தது என்று பொலிஸாரும் கேட்பதில்லை, செய்தி எழுதுபவரும் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். மரக்கறியும் ஐஸில் இட்ட மீனும் இரவில்தான் பயணம் செய்யும். விடியற்காலைச் சந்தையைத் தவறவிட்டால் சரக்கின் விலை விழுந்துவிடும். அலுவலக நேரங்களில் கனரக வாகனங்களுக்குக் கொழும்பு நகருக்குள் கட்டுப்பாடும் உண்டு. ஆகவே மாலையில் சுமையேற்றி, தார்ப்பாயை இழுத்துக் கட்டிப் புறப்படும் லொறி, விடியுமுன் தம்புள்ளைக்கோ பேலியகொடைக்கோ போய்ச் சேர்ந்தாக வேண்டும். இறக்கியதும் சீமெந்தோ கோதுமை மாவோ ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசியவனுக்கு உறக்கம் என்பது கூலியில்லாத நேரம்.

கண் இருளும்போது அவன் எங்கே நிறுத்துவான்? எரிபொருள் நிரப்பு நிலையத்துக்குள் விட்டால், டீசல் அடித்தவனுக்கு மட்டும் அரைமணி நேரம் தயவு கிடைக்கும். சாப்பாட்டுக் கடை முன்றிலில் கடை பூட்டும்வரை நிற்கலாம். அதன்பின் இருப்பது வீதியோரம். இருளில் வீதியோரம் நின்றால் தாங்கியிலிருந்து டீசல் உறிஞ்சப்படும், பற்றரி கழன்றுபோகும், தார்ப்பாய் கிழிந்து மூடைகள் குறையும். குறைந்த மூடைக்குப் பணம் முதலாளியின் கணக்கிலிருந்து போவதில்லை, சாரதியின் கூலியிலிருந்தே கழிக்கப்படும். லொட்ஜில் அறை எடுத்துப் படுக்கலாமே என்று சொல்பவர்கள், பல இலட்சம் ரூபா சரக்கை வெளியே அநாதையாக விட்டுவிட்டு ஓர் இரவாவது உறங்கிப் பார்க்கவேண்டும். இதற்குமேல் இன்னொரு பயமும் உண்டு. மதவாச்சியில் இருளில் நிற்கும் தமிழ்ச் சாரதிக்கும், மாங்குளத்தில் நிற்கும் சிங்களச் சாரதிக்கும் கதவைத் தட்டுவது யார் என்ற பயம் ஒன்றேதான்.

ஏ-9 வீதியில் சாரதிகளை மனிதராக மதித்து நிற்கச் செய்யும் ஒரே இடம் முறிகண்டி. அங்கே தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு போவது தலைமுறை வழக்கம். சாரதிக்கு நிற்க வேண்டும் என்பது பிள்ளையாருக்குத் தெரிந்திருக்கிறது. வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குத் தெரியவில்லை.

போருக்குப் பின்னர் சீனக் கடனில் ஏ-9 வீதி கார்ப்பெட் வீதியானது. வேகம் கூடியது. வேகம் கூடிய வீதியில் தூக்கமும் வேகமாகத்தான் கொல்லும் என்பது திட்டம் வரைந்தவர்களுக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றாமல் இல்லை. 2011 இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் வெலிப்பன்னையில் உணவகம், கழிப்பறை, விசாலமான தரிப்பிடம் எல்லாம் அமைத்திருக்கிறார்கள். விடுமுறைக்குக் காலி போகும் காருக்குத் தேவைப்படும் ஓய்வு, நாட்டுக்குச் சோறு போடும் லொறிக்குத் தேவையில்லை போலும்.

நிலம் இல்லை என்பார்கள். போர்க்காலத்தில் ஓமந்தையில் லொறிகளை நிறுத்தி, சரக்கை இறக்கிச் சோதித்துத் திருப்பி ஏற்றுவதற்கு இதே அரசுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் கிடைத்தது. மின்விளக்கும் கிடைத்தது, இரவுக் காவலும் கிடைத்தது. அந்தச் சாவடி 2015 இல் அகற்றப்பட்டது. (அங்குள்ள தனியார் காணிகள் உரியவர்களிடமே சேரட்டும், அதைக் கேட்கவில்லை.) சாரதியைச் சந்தேகிப்பதற்குக் கிடைத்த நிலம் அவனை உறங்கவைப்பதற்கு ஏன் கிடைப்பதில்லை என்றுதான் கேட்கிறேன்.

இது எங்களுக்கு மட்டுமுள்ள துன்பம் அல்ல. கனடாவில் ட்ரக் ஓட்டும் நம்மவர்கள் இதை வாசித்தால், எல்லை கடந்து அமெரிக்காவுக்குள் போனதும் தரிப்பிடம் தேடி அலைவதைப்பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அங்கே 2009 இல் தென் கரோலினாவில், கைவிடப்பட்ட எரிபொருள் நிலையமொன்றில் ட்ரக்கை நிறுத்தி உறங்கிய சாரதி ஒருவர் 7 டொலருக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். சரக்கு இறக்கவேண்டிய இடத்தில் முன்கூட்டியே நிற்க அவருக்கு வழியிருக்கவில்லை. அவருடைய மனைவி விடாது போராடியதன் பயனாக, 2012 இல் தரிப்பிடங்களுக்கு நிதி ஒதுக்க வகைசெய்யும் ஏற்பாடு அவர் பெயரில் 'ஜேசன் சட்டம்' என்று மத்திய சட்டத்தில் இடம்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியமோ 45 மணிநேர வாராந்த ஓய்வைச் சாரதி தன் ஆசனத்துக்குப் பின்னால் கழிக்கக்கூடாது, தங்குமிடச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்று 2020 இல் விதியாக்கியது. அங்கும் இடம் போதவில்லைதான். ஆனால் ஓய்வு சாரதியின் சோம்பல் அல்ல, மற்றவர்கள் பொறுப்பேற்க வேண்டிய விடயம் என்றாவது எழுத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே 2022 ஜூனில் அங்குருவாத்தோட்டையில், டீசல் வரிசையில் ஐந்து நாள் காத்திருந்த 63 வயதான லொறிச் சாரதி ஒருவர் வாகனத்துக்குள்ளேயே இறந்துகிடந்தார். எரிபொருள் நெருக்கடியின் கதையாக மட்டும் அது எழுதப்பட்டது. ஐந்து நாள் ஒரு மனிதன் எங்கே குளித்தான், எங்கே மலசலம் கழித்தான் என்பது அன்றும் செய்தியாகவில்லை.

கோடிகள் தேவையில்லை. ஏ-9 வீதியிலுள்ள பிரதேச சபைகளுக்குச் சொந்தமாகச் சந்தை வளவுகள் இருக்கின்றன. மாலையானதும் அவற்றின் கேற்றுக்குப் பூட்டுப் போடப்படுகிறது. அதைத் திறந்துவிட்டு, இரண்டு விளக்கு, ஒரு தண்ணீர்க் குழாய், கழிப்பறை, ஒரு காவலாளி ஏற்படுத்தினால் வவுனியா வரையிலான வீதிக்கு மூன்று இடங்கள் போதும். இருநூறு ரூபா கட்டணம் அறவிட்டாலும் சாரதி கொடுப்பான். பற்றரியின் விலை அவனுக்குத் தெரியும். 2023 இல் கலைந்துபோன சபைகள் 2025 மே தேர்தலுக்குப் பின்னர் மீண்டும் கூடுகின்றன. வருட இறுதியில் அவற்றின் வரவு செலவுத் திட்டங்கள் வாசிக்கப்படும். வளைவு கட்டவும் சிலை வைக்கவும் ஒதுக்கப்படும் பணத்துக்குப் பக்கத்தில் லொறித் தரிப்பிடம் என்ற ஒரு வரி இருக்கிறதா என்று அந்தந்த ஊரார் எழுந்து கேட்கட்டும்.