விரல் நுனியில் ஒற்றன்

வ.உ.சி. துறைமுகத்தில் ஷிப்டு முடிந்து வெளிவரும் தொழிலாளி கைபேசியில் என்னென்ன எழுதுகிறார்? வீட்டாருக்குச் செய்தி, சங்கக் கூட்டத்துக்கு அழைப்பு, பாங்குக் கணக்கின் ரகசியச் சொல். இத்தனையையும் மூன்றாவது ஆள் ஒருவன் அருகிலிருந்து படிக்க முடியும். தமிழில் எழுத வேண்டுமென்ற நியாயமான ஆசையால் நாம் இலவசமாக இறக்கிக் கொள்ளும் விசைப்பலகைச் செயலியே அதற்கு வழி திறக்கிறது.

வாட்ஸ்அப் செய்தியைப் பூட்டித்தானே அனுப்புகிறது என்று தோழர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் பூட்டுவதற்கு முன்பே விசைப்பலகை ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துவிடுகிறது. உறையை ஒட்டுமுன் கடிதத்தைப் படித்தவனிடம் அரக்கு முத்திரை என்ன செய்யும்?

இது வீண் பயமல்ல. 2017 டிசம்பரில், இஸ்ரேலியக் கம்பெனியான ஏ.ஐ.டைப், சுமார் 3 கோடியே 10 லட்சம் பேரின் விவரங்களைக் காவலின்றிப் போட்டு வைத்திருந்தது அம்பலமாயிற்று. பெயர், தொலைபேசி எண் மட்டுமா? அவர்களுடைய கைபேசியில் இருந்த மற்றவர்களின் எண்களும் சேர்ந்தே கிடந்தன! 2024 ஏப்ரலில், டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப், 9 கம்பெனிகளின் சீனமொழி விசைப்பலகைகளைச் சோதித்தது. அவற்றில் 8 கம்பெனிகளின் செயலிகளில், தட்டிய எழுத்துக்களை வழியிலேயே பிறர் படிக்க முடிந்தது. பெரும்பாலான கம்பெனிகள் பிறகே குறையைத் திருத்தின.

எல்லாச் செயலிகளும் திருடுகின்றன என்று நாம் சொல்லவில்லை. எது திருடுகிறது, எது திருடவில்லை என்பதை உழைப்பாளி எப்படி அறிவார் என்றே கேட்கிறோம்.

1908-ல் கோரல் மில் வேலைநிறுத்த காலத்தில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசியதைக் குறிப்பெடுக்க, வெள்ளைக்காரச் சர்க்கார் கூட்டத்துக்குப் போலீசை அனுப்ப வேண்டியிருந்தது. அந்தக் குறிப்புகள் ராஜத்துரோக வழக்கில் சாட்சியமாயின. இன்று ஆளனுப்ப வேண்டியதில்லை. ஒற்றனை நாமே பையில் போட்டுக் கொண்டு திரிகிறோம்!

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். எந்த விவரத்தை எதற்காக எடுக்கிறார்கள் என்ற அறிவிப்பைத் தமிழில் பெறும் உரிமையை 2023-ம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதே சட்டம், தன் ஏஜென்சிகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய சர்க்காருக்கு வழங்குகிறது. வேலிக்குக் கதவு வைத்துச் சாவியை வைத்திருப்பவர் யார்?

தோழர்களே! கைபேசியோடு வந்த தமிழ் விசைப்பலகையே பெரும்பாலும் போதும். அதுவும் ஒரு கம்பெனியின் சரக்குதான். எனினும் ஒருவனை நம்ப வேண்டிய இடத்தில் இருவரை நம்புவானேன்? ஐபோனில் வெளிச் செயலி 'முழு அனுமதி' கேட்டால் மறுத்துவிடுங்கள். சங்க நிர்வாகிகளுக்குப் பொறுப்பு இரட்டிப்பு. அவர்கள் தட்டும் பெயர் மற்றவர் பெயர். போகும் வேலையும் மற்றவர் வேலை.

தனிமனித எச்சரிக்கை மட்டும் போதாது. தமிழ் அறிவிப்பு ஏட்டிலிருந்து திரைக்கு வரட்டும்! சர்க்காருக்கான விலக்கு நீங்கட்டும்! உழைப்பாளியின் கடிதத்தைப் படிக்க எவனுக்கும் உரிமையில்லை!