கள்ளச் சாட்சிக்கு மாலை சூட்டியவர் யார்?

கள்ள உறுதி முடித்துக் காணி விற்ற ஒருவன், வழக்கு மன்றிலே நின்று, "உறுதி பொய்யாயிருக்கலாம், ஆயினும் என் உள்ளத்தளவில் அந்தக் காணி என்னுடையதே" என்று வாதாடினால் நீதிபதி என் செய்வார்? அவனைத் தண்டிப்பதோடு நில்லாமல், உறுதி எழுதிய நொத்தாரிசையும் கூண்டிலேற்றி விசாரிப்பார். ஐந்து பரப்புக் காணிக்கு உள்ள இந்த நியாயம், அறுபது இலட்சம் யூத மக்களின் சாவைப் பற்றிய சாட்சியத்துக்கு இல்லாமற் போயிற்று. மேலைநாட்டு நூலுலகிலே "உள்ளத்து உண்மை" என்னும் ஒரு சொல், பிடிபட்ட கள்ளச் சாட்சிகளுக்கெல்லாம் பிணை நிற்கின்றது. அந்தப் பிணையை நாம் ஏற்க மறுக்கிறோம்.

நடந்ததைச் சொல்வோம். 1995ஆம் ஆண்டில், ஜேர்மனியின் பெரும் பதிப்பகமாகிய சூர்காம்ப்பின் கிளையொன்று, ஒரு குழந்தையின் நினைவுச் சிதறல்கள் என்று சொல்லி ஒரு சிறு நூலை வெளியிட்டது. ஆசிரியர் பெயர் பின்யமின் வில்கொமிர்ஸ்கி. லத்வியாவின் ரீகா நகரில் யூதக் குழந்தையாகப் பிறந்தாராம். மைடானெக், அவுஷ்விற்ஸ் ஆகிய கொலை முகாம்களில் வாடினாராம். போருக்குப் பின் சுவிற்சர்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, வாய் திறவாதபடி அடக்கப்பட்டாராம். உலகம் உருகிற்று. பல மொழிகளில் நூல் பெயர்க்கப்பட்டது. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் பரிசில்கள் குவிந்தன.

1998 ஆகஸ்ற் மாதத்தில், டானியல் கன்ஸ்பிரீட் என்னும் எழுத்தாளர் சூரிச் வார இதழொன்றில் உண்மையை உடைத்தார். அவுஷ்விற்ஸிலிருந்து உயிர் மீண்ட ஒருவரின் மகன் அவர். வில்கொமிர்ஸ்கியின் இயற்பெயர் புரூனோ குரோஜான். 1941 பெப்ரவரி 12ஆம் நாள் சுவிற்சர்லாந்தின் பீல் நகரில் மணமாகாத ஏழைத் தாய்க்குப் பிறந்தவர். பின்னர் சூரிச்சின் வசதிமிக்க மருத்துவக் குடும்பமொன்றிற் சுவீகாரம் புகுந்தவர். கொலை முகாம்களை அவர் கண்டது சுற்றுலாப் பயணியாகவே! ஸ்டெபான் மெக்லர் என்னும் வரலாற்றாசிரியர் 1999இல் ஆவணங்களைத் துருவி இதனை ஐயந்திரிபற நிறுவினார். அவ்வாண்டு ஒக்டோபரில் நூல் விற்பனையிலிருந்து மீட்கப்பட்டது. 2002இல் மரபணுச் சோதனையும் புரூனோவின் தந்தையை அடையாளம் காட்டிற்று.

இதற்குள்ளே ஒரு கூத்தும் நடந்தது. அமெரிக்காவில் லோரா கிராபோவ்ஸ்கி என்னும் பெண்ணொருத்தி, அவுஷ்விற்ஸில் இவரைத் தான் அறிவேன் என்று சாட்சி சொல்ல வந்தாள். அவளை விசாரித்தபோது, அவளும் அமெரிக்காவிற் பிறந்தவளே என்பதும், வேறொரு பெயரில் 1988இலேயே சாத்தான் வழிபாட்டாரிடம் தான் பட்ட துன்பங்களென்று கட்டுக்கதை எழுதி விற்றவள் என்பதும் வெளியாயின. ஒரு பதர் மற்றொரு பதரை நெல்லென்று சாதித்த கதை!

ஆனால் எமது சினம் முதன்மையாகப் புரூனோ மீதன்று. தாயைப் பிரிந்த குழந்தையின் துயர் மெய்த்துயர். ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளைப் பிரித்தெடுத்து, பிறர் பண்ணைகளிற் கூலியின்றி உழைக்கவிடும் கொடிய வழக்கம் சுவிற்சர்லாந்தில் இருபதாம் நூற்றாண்டிலும் நிலவியது. 2013இலேதான் அந்நாட்டு அரசு அதற்காக மன்னிப்புக் கேட்டது. பீல் நகரத்து ஏழைக் குழந்தையாகவே தன் கதையை அவர் எழுதியிருந்தால் அதுவன்றோ சாட்சியம்? அந்தக் கதைக்கு அன்று சந்தையில் விலை இல்லை. அவுஷ்விற்ஸுக்கு விலை இருந்தது. அந்த விலையை நிர்ணயித்தவர் யார்?

பதிப்பாளரே. அவர்கள் அறியாமல் ஏமாந்தார்கள் என்று சொல்வதற்கும் வழியில்லை. நூல் வெளிவருமுன்னரே, 1995 பெப்ரவரியில், சூரிச்சின் அனுபவமிக்க பத்திரிகையாளர் ஹன்னோ ஹெல்பிளிங் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதி எச்சரித்தார். பதிப்பகம் சிறிது தயங்கிற்று, சில கேள்விகள் கேட்டது, பின்னர் அச்சிட்டது. அதனினும் வியப்பு, நூலின் பின்னுரையிலேயே சான்று கிடந்தது. தன் கையிலுள்ள பத்திரம் 1941 பெப்ரவரி 12ஐப் பிறந்த நாளாகக் காட்டுகிறதென்றும், அது தன் நினைவோடு பொருந்தவில்லையென்றும் ஆசிரியரே அங்கு எழுதியிருந்தார். பரிசில் வழங்கிய அறிஞர் பெருமக்கள் கடைசிப் பக்கம் வரை படித்தார்களா என்று கேட்பது குற்றமாகுமா?

இவரோடு இது முடியவில்லை. 1997இல் மிஷா டிபொன்சேகா என்னும் பெண்மணியின் நூல் அமெரிக்காவில் வெளிவந்தது. (பெயரைக் கேட்டு நம் நாட்டவரோ என ஐயுற வேண்டா, பெல்ஜியத்தவர், கணவர் வழி வந்த பெயர்.) சிறுமியாக ஐரோப்பாவில் ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் நடந்தாராம், ஓநாய்க் கூட்டம் அவரைக் காத்ததாம். பிரான்சில் இது திரைப்படமுமாயிற்று. 2008இல் எல்லாம் புனைவு என்று ஒப்புக்கொண்டார். அவர் யூதருமல்லர், கத்தோலிக்கர். தன்னளவில் அதுவே உண்மை என்பது அவர் சொன்ன சமாதானம். பதிப்பாளர் மீது வழக்காடிப் பெற்ற தீர்ப்பில் 2 கோடி 25 இலட்சம் டொலரைத் திருப்பிக் கொடுக்குமாறு 2014இல் நீதிமன்றம் கட்டளையிட்டது.

ஹெர்மன் ரோசன்பிளற்றின் செய்தி இன்னும் இரங்கத்தக்கது. அவர் மெய்யாகவே முகாமிலிருந்து மீண்டவர். ஆயினும் முள்வேலிக்கு அப்பாலிருந்து ஒரு சிறுமி தனக்கு அப்பிள் எறிந்தாள் என்றும், பின்னாளில் அவளையே மணந்தேன் என்றும் பொய்யைச் சேர்த்தார். அறிஞர்கள் முகாமின் அமைப்பை ஆராய்ந்து, இது நடக்கவியலாது என்று காட்டினர். 2008 டிசம்பரில் நூல் அச்சேறாமலே நின்றது. பட்டினியும் சாவும் போதாவாம். அப்பிளும் காதலும் வேண்டுமாம்!

மெய்ச் சாட்சிக்கு நேர்ந்ததையும் பாருங்கள். இத்தாலியரான பிரீமோ லேவி ஓர் இரசாயனவியலாளர். அவுஷ்விற்ஸில் பதினொரு மாதம் கிடந்து மீண்டவர். கண்டதை அளந்து, நிறுத்து, குரலுயர்த்தாமல் எழுதினார். பெயர்பெற்ற ஏனவுடி பதிப்பகம் அதனை மறுத்தது. 1947இல் சிறு பதிப்பகமொன்று 2,500 பிரதிகள் அச்சிட்டது. ஏனவுடிக்கு மனம் வர 1958 ஆயிற்று. ஓநாயும் இல்லை, அப்பிளும் இல்லை. ஆகவே மெய் காத்துக் கிடந்தது.

"பாதிக்கப்பட்டவரை ஐயுறலாமா?" என்று சிலர் கண்ணீரோடு கேட்கின்றனர். ஐயுறுதல் வேறு, சரிபார்த்தல் வேறு. யூதப் படுகொலையே நடக்கவில்லை என்று சாதிப்போர் இன்றும் உளர். ஒவ்வொரு கள்ள நூலும் அவர்கள் கையிற் கொடுத்த ஆயுதம். டேவிட் இர்விங் என்பவர், தன்னை மறுப்பாளர் என எழுதிய பேராசிரியை டெபோரா லிப்ஸ்ராட் மீது இலண்டனில் வழக்குத் தொடுத்தார். உயிர் மீண்டோர் ஒருவரையும் அவ்வழக்கிற் சாட்சியாக அழைக்கவில்லை. வரலாற்றாசிரியர் றிச்சர்ட் எவான்ஸ் இர்விங்கின் நூல்களை அடிக்குறிப்பு அடிக்குறிப்பாக மூல ஆவணங்களோடு ஒத்துப் பார்த்தார். 2000 ஏப்ரலில் இர்விங் தோற்றார். அங்கே வென்றது உள்ளத்து உண்மையா, ஏட்டு உண்மையா?

நாம் புனைகதைக்குப் பகைவரல்லர். "நாவல்" என்று அட்டையில் ஒரு சொல் பொறித்திருந்தால் இந்நூல்கள் எவற்றின் மீதும் எமக்கு வழக்கில்லை. "மெய் வரலாறு" என்று பொறித்தால் அது விற்பனை உறுதி. அதற்குப் பதிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும். எந்த ஆவணத்தை, யார் சரிபார்த்தார் என்பதை நூலிலேயே அச்சிட வேண்டும். பொய்யென்று தெரிந்தால் வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இது இயலாத காரியமன்று. அமெரிக்கரான ஜேம்ஸ் பிரே, சில மணி நேரக் காவலை மூன்று மாதச் சிறையாக்கி எழுதியது 2006இல் அம்பலமானபோது, வாசகர் வழக்குத் தொடுத்தனர். நூலின் 163ஆம் பக்கத்தைக் கிழித்தனுப்பியவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்க றண்டம் ஹவுஸ் பதிப்பகம் இசைந்தது. அச்சேறுமுன் ஒரு முத்திரைச் செலவில் பீல் நகரப் பதிவேட்டுக்கு எழுதிக் கேட்டிருக்கக் கூடியவர்கள், நான்காண்டு விற்றபின் நூலை மீட்டுக்கொண்டதற்கு நாம் நன்றி சொல்லப்போவதில்லை.