இடிக்காமல் விட்ட பேக்டரி

சிவில் நண்பர்களிடம் ஆர்க்கிடெக்ட் பெயர் கேட்டால் கார்பூசியர், லாரி பேக்கர்... அதோடு சரி. நான் சொல்ல வருவது லினா போ பார்டி என்ற பெண்மணியைப் பற்றி. 1914-ல் ரோமில் பிறந்தவர். போரில் மிலான் நகரில் இருந்த அவர் அலுவலகம் குண்டுவீச்சில் போனது. 1946-ல் கணவரோடு பிரேசிலுக்குக் கப்பலேறினார். 1951-ல் அந்நாட்டுப் பிரஜையே ஆகிவிட்டார்.

அவர் பெயரைச் சொன்னதும் எல்லோரும் காட்டுவது 1968-ல் திறந்த சாவோ பாலோ கலை அருங்காட்சியகத்தைத்தான். 74 மீட்டர் ஸ்பான், நடுவில் ஒரு தூண் கிடையாது! தரையிலிருந்து 8 மீட்டர் மேலே கட்டிடம் நிற்குது, கீழே வெட்டவெளி ஜனங்களுக்கு. அந்த ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட்டுக்குக் கணக்குப் போட்ட என்ஜினீயர் ஃபிகெய்ரெடோ ஃபெர்ராஸ் பெயரை எத்தனை பேர் சொல்றாங்க? (நம்ம ஜாதிக்கு எப்பவும் இதே கதிதான்.)

ஆனாலும் என் ஓட்டு அதற்கில்லை. அதே ஊரில் உள்ள செஸ்க் பொம்பேயாவுக்குத்தான். பழைய டிரம் பேக்டரி அது. 1970-களில் லினா பார்க்கப் போனபோது, சனிக்கிழமை அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அங்கே கூடியிருந்தன. பசங்க பந்து விளையாடினார்கள். இது அப்படியே தொடர வேண்டும் என்று முடிவு செய்தார். ஷெட்டுகளை இடிக்கவில்லை. சுவர்ப் பூச்சை மட்டும் உரித்துவிட்டு, உள்ளே நூலகம், தியேட்டர், கைத்தொழில் பட்டறைகள். ஆபீஸையே சைட்டில் போட்டுக்கொண்டார். 1982-ல் அந்தப் பகுதி திறந்தாச்சு.

விளையாட்டுக்கு மிச்சமிருந்த நிலத்தின் அடியில் ஓடை. அதன்மேல் கட்ட முடியாது. என்ன செய்தார் தெரியுமா? ஓடைக்கு இருபுறமும் இரண்டு கான்கிரீட் டவர், இடையில் அந்தரத்தில் நடைபாலங்கள்! ஒன்றில் நீச்சல்குளம், அதன்மேல் மாடிமாடியாக விளையாட்டுத் தளங்கள். மற்றதில் படிக்கட்டு, உடை மாற்றும் அறைகள். ஜன்னல் என்று பெரிய டவரில் இருப்பது குகை வாய் மாதிரி கோணல் ஓட்டை, கண்ணாடியே இல்லை. 1986-ல் இதுவும் முடிந்தது.

"இடிச்சுட்டுப் புதுசாக் கட்டறதுதானே சுலபம்?" என்பான் என் ரூம்மேட். சுலபம்தான், ஒத்துக்கறேன். ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்தை எந்த காண்ட்ராக்டர் திரும்பக் கட்டித் தருவான்? அதற்கு எஸ்டிமேட்டில் ஒரு வரிகூடக் கிடையாதே! சைட் கிளியரன்ஸ் என்று முதல் வரி எழுதுகிற நாமாவது, எழுதும் முன் சைட்டை ஒரு லீவு நாளில் போய்ப் பார்க்கலாம்.

1992-ல் லினா இறந்தார். வெனிஸில் தங்கச் சிங்கம் விருது கொடுத்தது 2021-ல். பொம்பேயா பிளானும் செக்‌ஷனும் டிரேஸ் எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டும் என்பவர்கள் என் டிராயிங் டேபிளுக்கு வாங்க.