பாதிப் பிணங்கள் அவளுடையவை

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளுக்குக் கற்பனைத் தெய்வங்களைப் படைப்பவர்கள் நார்ஸ் புராணங்களிடம் கடன் வாங்குகிறார்கள். வாங்கும்போதே பெண் தெய்வத்தின் அதிகாரத்தைக் கழித்துக்கொள்கிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு.

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் 2014ஆம் ஆண்டுக் கையேட்டில் ஓடினுக்கு அறிவும் போரும்; ஃப்ரேயாவுக்குக் காதலும் கருவளமும். ஆனால் 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிவைத்த ஃப்ரேயா, போரில் மடிந்தவர்களில் பாதிப்பேரைத் தனக்கென எடுத்துக்கொள்பவள். ஓடினுக்கு மிச்சப் பாதிதான். தெய்வங்களுக்கே மந்திரவித்தை கற்பித்தவளும் அவள். தோரின் சுத்தியலுக்கு விலையாக அவளை அரக்கன் மணம் கேட்டபோது சீறி மறுத்தாள் என்கிறது பழம்பாடல் ஒன்று. தோரே மணப்பெண் வேடமிட்டுப் போக வேண்டியதாயிற்று.

அதே பட்டியலில் சிஃப் போர்த்தெய்வம்தானே என்பார்கள். பழங்கதைகளில் சிஃபின் பெருமை அவளுடைய பொற்கூந்தல். ஒருத்தியிடம் பறித்ததை இன்னொருத்திக்குக் கொடுப்பது நியாயமாகிவிடாது.

ஸ்னோரி ஆண், கிறித்தவர். அவரே மறைக்காததை இந்த நூற்றாண்டின் கற்பனை ஏன் மறைக்கிறது? நெருப்புக் கக்கும் டிராகனை நம்ப முடிகிறவர்களுக்குப் போர்க்களத்தில் பங்கு கேட்கும் பெண்ணை நம்ப முடியவில்லை.

புதிய தெய்வங்களைப் படைக்கப் போகிற தோழிகளே, அழகையும் காதலையும் பிறகு பங்கிடலாம். பிணங்களில் பாதி யாருக்கு என்பதை முதலில் எழுதுங்கள்.